டூத்துப்பேஸ்ட்டுக்கு எத்தனை அசை?

பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் குடும்பத் தலைவரிடமிருந்து மூன்று உரிமைகள் முதலில் பறிபோகும். டி.வி. பார்ப்பது, சத்தமாகத் தும்முவது, ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுவது. பதிலுக்கு ஒரு பதவி கொடுப்பார்கள். பாடம் கேட்கும் பதவி. பிள்ளை ஒப்பிக்கும், இவர் கைடைப் பிடித்துக்கொண்டு 'ம்' கொட்ட வேண்டும். அறிவு அவசியமில்லை. கைடு தலைகீழாக இருக்கிறதா நேராக இருக்கிறதா என்று தெரிந்தால் போதும்.

அதோடு நிற்கிற ஆளா நான்?

கடமலைக்குண்டில் இலவம்பஞ்சு மெத்தை, தலையணைக் கடை வைத்திருக்கிறேன். வருசநாட்டு மலையடிவாரத்தில் இலவமரத்துக்குக் குறைவில்லை. மூல வைகையில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, பஞ்சு வந்துவிடும். வாங்க ஆள்தான் வர வேண்டும். வராத நேரத்தில் பஞ்சு மூட்டையில் சாய்ந்து யோசிக்கலாம். யோசிக்க யோசிக்க அபிப்பிராயங்கள் பெருகும். போதாததற்கு எனக்கு ஒரு கல்வித் தகுதியும் உண்டு. பத்தாம் வகுப்புத் தமிழில், குறளை அலகிட்டு வாய்பாடு எழுதும் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன். கல்யாணமான புதிதில் இதை மனைவியிடம் சொன்னேன். "அதுக்கு எவ்வளவு குடுத்தாங்க?" என்று கேட்டாள். மதிப்பெண்ணைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து விளக்கினேன்.

ஒருநாள் ராத்திரி மகள் வந்தாள்.

"அப்பா, இந்த ஒரு மார்க் கேள்வி மட்டும் பிடிபட மாட்டேங்குது."

பிளஸ் டூ ஆங்கிலத்தில் முதல் பகுதி முழுக்க ஒரு மதிப்பெண் கேள்விகள். நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் ஒரு ரகம், இந்தச் சொல்லில் எத்தனை சிலபிள் என்று கேட்பது. ஒன்று என்றால் மோனோ, இரண்டு டை, மூன்று ட்ரை, நான்கு டெட்ரா. இன்னொரு ரகம், இந்தக் கூட்டுச்சொல் எதுவும் எதுவும் சேர்ந்து ஆனது என்று கேட்பது: பெயரும் பெயருமா, பண்பும் பெயருமா, வினையும் பெயருமா. பத்தாம் வகுப்பில் ஆங்கிலம் இரண்டு தாளாக இருந்த காலத்தில், சொல்லைக் கொடுத்து அதைச் சிலபிள் சிலபிளாகத் துண்டுபோடவே சொல்வார்கள். 2019-இல் இரண்டு தாளையும் ஒன்றாக்கினார்கள். தாள் ஒன்றானது, சொல் துண்டாவது நிற்கவில்லை.

"சிலபிள்னா என்ன பாப்பா?" என்று கேட்டேன்.

"அசைப்பா."

காதில் தேன் பாய்ந்தது. அசை! என் துறை. அலகிடுதல் தெரிந்தவனிடம் வந்து அசை கேட்கிறாள். கடையின் பில் புத்தகத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் பாடத்தைத் தொடங்கினேன்.

தனிக்குறில், தனிநெடில், அவை ஒற்றோடு வந்தாலும் நேரசை. இரண்டு குறில், அல்லது குறிலும் நெடிலும் சேர்ந்து வந்தால், ஒற்று வந்தாலும் வராவிட்டாலும், நிரையசை. நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். எடுத்துக்காட்டு வேண்டுமா? நம் ஊரையே எடுப்போம். கட, நிரை. மலைக், நிரை. குண், நேர். டு, நேர். நிரை நிரை நேர் நேர். நாலசைச் சீர். வாய்பாடு: கருவிளந்தண்பூ.

இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்த் தூசியைக் குடித்து, இந்த ஊர் பஸ்ஸுக்கு வெயிலில் காத்துக் கிடந்தவனுக்கு, ஊரின் உள்ளே ஒரு குளிர்ந்த பூ இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அந்தப் பூவையாவது வாங்கிட்டு வந்திருக்கலாம்ல" என்றாள்.

மகள் மட்டும் விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். "க, ட, ம, லை, குண், டு. ஆறு வருதேப்பா. நீங்க நாலுங்கிறீங்க."

இங்கேதான் சிக்கல். நம் அசையும் ஆங்கிலச் சிலபிளும் அண்ணன் தம்பி இல்லை, பங்காளிகள். சிலபிளுக்கு ஓர் உயிரோசை போதும். எத்தனை உயிரோசை கேட்கிறதோ அத்தனை சிலபிள். நம் யாப்பு அப்படியில்லை. முதலில் வரும் குறிலைத் தனியே விடாமல், அடுத்து வரும் உயிரோசையோடு ஜோடி சேர்த்து நிரையாக்கிவிடும். தொல்காப்பியர் நேர்பு, நிரைபு என்று இன்னும் இரண்டு அசைகளை வைத்து, கடைசியில் வரும் உகரத்தையும் அதில் அடக்கியிருந்தார். ஆக, நம் அசை பாட்டின் ஓட்டத்தை அளக்கிறது. சிலபிள் வாயைத் திறக்கும் எண்ணிக்கையை அளக்கிறது.

இந்த வித்தியாசம் இப்போது இவ்வளவு தெளிவாக வருகிறது. அன்றைக்கு நான் சொன்னது, "எண்ணிக்கை முக்கியமில்ல பாப்பா, ஓசைதான் முக்கியம்" என்பது. எண்ணிக்கையை மட்டுமே கேட்கிற கேள்விக்கு.

கைடில் அடுத்த சொல் ஹனிமூன். நானே முந்திக்கொண்டேன். "ஹனி, நிரை. மூன், நேர். நிரை நேர், புளிமா. ரெண்டே அசை."

"விடை மூணு போட்டிருக்கு. ஹ, னி, மூன்."

"கைடுல அச்சுப்பிழை."

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "நமக்கு அது புளிமாதான். ஹனிமூனுக்குன்னு வைகை அணைக்குக் கூட்டிட்டுப் போனீக. கூடவே உங்க ஆத்தா, சின்னம்மா, சின்னம்மா பேரன். நான் புளியமரத்தடியில உக்காந்து பூராப் பேருக்கும் புளிச்சோறு பரிமாறினேன்."

அன்றைய பாடம் அத்துடன் முடிந்தது.

மறுநாள் தேனியிலிருந்து மச்சினன் மகன் வந்தான். பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறான். "மாமா, இதுக்கு ஒரு சுலப வழி இருக்கு. உள்ளங்கையை நாடிக்கு அடியில வைங்க. சொல்லைச் சொல்லுங்க. நாடி எத்தனை தடவை கையில இடிக்குதோ அத்தனை சிலபிள்." உயிரோசை வரும்போதுதான் வாய் திறக்கும், தாடை இறங்கும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவன் போன பிறகும் நான் கடையில் உட்கார்ந்து நாடியில் கை வைத்தபடி சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்ஷீட், இரண்டு இடி. பில்லோ கவர், நான்கு இடி. மெத்தை வாங்க வந்த மயிலாடும்பாறைக்காரர் ஒருவர் வாசலிலேயே நின்று என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "சொத்தைப்பல்லா? நான் அடுத்த வாரம் வாரேன்" என்று திரும்பிப் போனார்.

என் அம்மா, அதாவது மகளின் அப்பத்தா, திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏய்யா, கிராம்பை வச்சு அழுத்திக்க. சரியாப் போகும்."

அம்மாவிடமே சோதனை செய்தால் என்ன என்று தோன்றியது. அவர் நாடிக்கடியில் என் கையை வைத்தேன். "டூத்பேஸ்ட்னு சொல்லும்மா." இங்கிலாந்தில் யார் சொன்னாலும் இது இரண்டு சிலபிள். அம்மா தெளிவாக, நிறுத்தி, வெற்றிலைச் சாறு என் முழங்கையில் வழியச் சொன்னார்: "டூத்துப்பேஸ்ட்டு."

நான்கு இடி. டூ, து, பே, டு.

அலகிட்டுப் பார்த்தேன். டூத், துப், பேஸ்ட், டு. நான்கும் நேர். வாய்பாடு தேமாந்தண்பூ! எந்த பேஸ்ட் கம்பெனிக்காரனும் இவ்வளவு மணமாகப் பெயர் வைத்ததில்லை. இத்தனைக்கும் அம்மா பல் தேய்ப்பது வேப்பங்குச்சியில்.

இதில் அம்மா மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குற்றம் இருந்தால் அது பவணந்தி முனிவருடையது. க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்யில் எந்தத் தமிழ்ச்சொல்லும் முடியாது என்கிறது அவருடைய நன்னூல். மெய்யெழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்கவும் தொடங்காது. நன்னூலைக் கையில் தொடாத என் அம்மா இந்த இரண்டு விதியையும் எண்பது வயதிலும் வழுவாமல் காப்பாற்றுகிறார். டூத் என்று தகரத்தில் முடிந்தால் ஓர் உகரம் போட்டு மூடிவிடுவார். ஸ்கூல் என்று மெய்யில் தொடங்கினால் ஓர் இகரம் போட்டுத் திறந்து 'இஸ்கூலு' ஆக்கிவிடுவார். ரோடு, கார்டு, போர்டு, பல்பு, செக்கு என்று நம் வாயில் புழங்கும் ஆங்கிலச் சொற்களெல்லாம் ஒரு சிலபிள் கூடுதலாகக் கொழுத்திருப்பதற்குக் காரணம் இதுதான். ஆங்கிலக் கேள்வித்தாளில் நம் பிள்ளைகள் எண்ணிக்கையில் தடுக்கி விழுகிற இடமும் இதுதான். வாய் தமிழில் எண்ணுகிறது, விடை ஆங்கிலத்தில் இருக்கிறது.

எழுத்தைப் பார்த்து எண்ணலாமா என்றால் அதற்கும் வழியில்லை. ஸ்ட்ரெங்த்ஸ் என்று ஒரு சொல். ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து; சிலபிள் ஒன்றே ஒன்று. தமிழில் எழுதினால் ஆறு எழுத்தில் ஐந்துக்குப் புள்ளி. ஏரியாவுக்கு நான்கே எழுத்து, மூன்று சிலபிள். புதன்கிழமைக்கு எழுதுவது ஒன்று, சொல்வது 'வென்ஸ்டே', இரண்டு. பிசினஸ் என்று நாம் மூன்றாக நீட்டுவதை அவர்கள் 'பிஸ்னஸ்' என்று இரண்டில் முடிக்கிறார்கள். ஒரு சிலபிள் அதிகம் போட்டும் என் கடையில் பிசினஸ் இந்த லட்சணம்.

கூட்டுச்சொல்லில் மட்டும் ஒரு நிம்மதி உண்டு. முதல் வெட்டை எங்கே போடுவது என்று தெரியும்: ஒட்டுப்போட்ட இடத்தில். டூத் ஒரு பக்கம், பேஸ்ட் ஒரு பக்கம். பிறகு தேவைப்பட்டால் ஒவ்வொரு பாதியையும் தனியாக அறுக்கலாம். ஹேண்ட் தனி, கர்ச்சீஃப் தனி, பிறகு கர்ச்சீஃப் இரண்டு, ஆக மூன்று. நம் தொகைநிலைத் தொடரைப் பிரிப்பதும் ஏறக்குறைய இதே வேலை. வேற்றுமை, வினை, பண்பு, உவமை, உம்மை, அன்மொழி என்று ஆறு தொகை படித்தவனுக்கு ஆங்கிலக் கூட்டுச்சொல்லைக் கண்டு பயம் வராது. பிக்பாக்கெட் என்ற சொல்லைப் பாருங்கள். பிக் என்பதும் ஆள் இல்லை, பாக்கெட் என்பதும் ஆள் இல்லை. இரண்டையும் சேர்த்தால் தேனி பஸ்ஸில் நமக்குப் பின்னால் நிற்பவர். சுத்தமான அன்மொழித்தொகை.

சிலபிளை ஒருவழியாக வென்றுவிட்டதாக நான் கடையில் அறிவித்த வாரத்தில்தான் மகள் அகராதியைக் கொண்டு வந்தாள். சொல்லுக்குப் பக்கத்தில், உச்சரிப்பு காட்டும் இடத்தில், மேலே ஒரு சின்ன நெட்டைக் கோடு. "இது என்னப்பா?"

கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். போகவில்லை. "அச்சுப் பிசிறு" என்றேன். அடுத்த சொல்லிலும் இருந்தது. அதற்கடுத்த சொல்லிலும். பக்கம் முழுக்கப் பிசிறு.

அது அழுத்தக்குறி. ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சிலபிள் உள்ள சொல்லில் ஏதாவது ஒன்றை மற்றவற்றைவிட அழுத்திச் சொல்ல வேண்டும். எதை அழுத்த வேண்டுமோ அதற்கு முன்னால் அந்தக் கோட்டைப் போடுவது பிரிட்டிஷ் அகராதிகளின் வழக்கம். அமெரிக்காக்காரர்களின் பழைய வழக்கம், அழுத்த வேண்டிய சிலபிளுக்குப் பின்னால் குறி போடுவது. இரண்டு அகராதியும் ஒரே வீட்டில் இருந்தால் குடும்பத் தலைவர் தப்பவே முடியாது. எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. இன்னொன்றை நான் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்தேன்.

தமிழுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நாம் எந்த அசையை அழுத்தினாலும் சொல்லின் பொருள் மாறாது. சொல்கிறவரின் கோபம் மட்டும் தெரியும். பொருள் மாற வேண்டுமானால் இடைவெளி விட வேண்டும். பலகை என்று சேர்த்தால் மரம். பல கை என்று விட்டுச் சொன்னால் கூட்டம். ஆங்கிலத்தில் அந்த வேலையை அழுத்தம் செய்கிறது.

பிளாக்போர்டு என்பதில் முன்பாதியை அழுத்தினால் வகுப்பறைப் பலகை. அது பச்சை நிறத்தில் இருந்தாலும் பிளாக்போர்டுதான். ஆங்கிலேயனுக்கு அதில் சங்கடமில்லை. பின்பாதியை அழுத்தினால் கறுப்பு நிறத்தில் ஏதோ ஒரு பலகை. கிரீன்ஹவுஸ் என்று முன்னால் அழுத்தினால், பூச்செடி வளர்க்கும் பசுமைக்குடில். பின்னால் அழுத்தினால், எங்கள் தெரு முக்கில் பச்சைப் பெயின்ட் அடித்த வீடு. ஒட்டிப்போன கூட்டுப்பெயருக்கு அழுத்தம் முன்னால், ஒட்டாத வெறும் அடைமொழிக்கு அழுத்தம் பின்னால் என்பது பெரும்பாலும் பொருந்தும் விதி. நோம் சாம்ஸ்கியும் மோரிஸ் ஹாலியும் 1968-இல் வெளியிட்ட 'தி சவுண்ட் பேட்டர்ன் ஆஃப் இங்கிலீஷ்' என்ற தடித்த நூலில் இதை ஒரு சூத்திரமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். இதைக் கடையில் சொன்னபோது ஒரு தோழர் நிமிர்ந்தார். "சாம்ஸ்கியா? அமெரிக்காவைத் திட்டுறவராச்சே. அவருக்கும் பிளாக்போர்டுக்கும் என்ன பகை?" என்றார்.

விதி தெரிந்ததும் அதைப் பிரயோகிக்க எனக்கு இடம் தேவைப்பட்டது. பெற்றோர் கூட்டம் வந்தது. இங்கிலீஷ் டீச்சர் என்பதில் இங்கிலீஷை அழுத்தினால் ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியர். டீச்சரை அழுத்தினால் இங்கிலாந்தில் பிறந்த ஆசிரியர். அவர் கணக்குக்கூட எடுக்கலாம். இதை வழியெல்லாம் மகளுக்கு விளக்கிக்கொண்டே போனேன். உள்ளே போய், ஆசிரியை எதிரில் கைகூப்பி, "நீங்கதானே இங்கிலீஷ் டீச்சர்?" என்றேன். குரல் மரியாதையில் குழைந்து, அழுத்தம் நேராகப் போய் டீச்சரில் விழுந்தது. உசிலம்பட்டிப் பக்கத்தைச் சேர்ந்த அந்த அம்மையாரை ஒரே மூச்சில் லண்டனில் பிறக்க வைத்தேன். அவர் கவனிக்கவில்லை. அறையில் யாருமே கவனிக்கவில்லை. மகள் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விதி என்றால் விலக்கும் உண்டு. ஆப்பிளால் செய்த பை என்றால் அழுத்தம் பையில். கோழியால் செய்த சூப் என்றால் சூப்பில். என்ன பொருளால் செய்தது என்று சொல்லும்போது பின்பாதிக்கு அழுத்தம். அப்படியானால் ஆரஞ்சு ஜூஸில்? ஜூஸில் அல்ல, ஆரஞ்சில். சாக்லேட் கேக்கில்? சாக்லேட்டில். ஜூஸும் கேக்கும் தனிக் கட்சி. தெருப்பெயரிலும் இதே கூத்து. ஆக்ஸ்போர்டு ஸ்ட்ரீட் என்றால் ஆக்ஸ்போர்டை அழுத்து. ஆக்ஸ்போர்டு ரோடு என்றால் ரோட்டை அழுத்து. ஸ்ட்ரீட்டுக்கு மட்டும் ஏன் இந்த அவமரியாதை என்று மச்சினன் மகனைக் கேட்டேன். "அது அப்படித்தான் மாமா" என்றான். பி.ஏ. மூன்றாம் ஆண்டு. இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் மனைவிக்கு விளக்கினேன். "சூப்புல அழுத்தத்தை எங்க வேணும்னாலும் போடுங்க. உப்பு மட்டும் என்னைக் கேட்டுட்டுப் போடுங்க" என்றாள்.

மச்சினன் மகன் கையில் டி. பாலசுப்பிரமணியன் எழுதிய ஒலியியல் பாடநூல் இருந்தது. இந்திய மாணவர்களுக்கென்றே 1981-இல் வந்தது. ஆங்கில இலக்கியம் படிக்கப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் அதைப் புரட்டாதவர்கள் குறைவு. அதற்கும் முன்னால், ஹைதராபாத்தில் இருந்த ஆங்கில நிறுவனத்தின் ஆர்.கே. பன்சால், இந்தியர் பேசும் ஆங்கிலம் மற்றவர்களுக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்து 1969-இல் ஒரு நூல் வெளியிட்டார். புரியாமல் போவதற்கு அவர் சொன்ன முக்கியமான காரணங்களில் ஒன்று, அழுத்தத்தைத் தப்பான இடத்தில் போடுவது. சொல் சரி, இலக்கணம் சரி, அழுத்தம் இடம் மாறினால் எதிராளி விழிப்பான்.

ஆனால் வேடிக்கை பாருங்கள். கேள்வித்தாள் சிலபிளை எழுத்தில் கேட்கிறது. வகுப்பறையில் எழுபது நாடி இருக்கிறது. ஒன்றும் அசையக்கூடாது, தேர்வுக்கூடத்தில் சத்தம் ஆகாது. வாயால் மட்டுமே அறியக்கூடிய ஒன்றை, வாயை மூடிக்கொண்டு நான்கு விடையில் ஒன்றைக் குறித்துக் காட்டச் சொல்கிறார்கள். பிள்ளைகளும் காட்டுகிறார்கள். கைடில் எந்த விடை இருந்தது என்று கண் நினைவு வைத்திருக்கிறது. காது அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை. முழு மதிப்பெண்ணும் வருகிறது. அலகிடுவதில் நான் வாங்கியதும் இந்த ரக மதிப்பெண்தானோ என்ற சந்தேகம் எழுந்தது. எழுந்ததை உடனே உட்கார வைத்துவிட்டேன். இருக்கிற தகுதி அது ஒன்றுதான்.

அழுத்தம் விழாத பாதிக்கு என்ன ஆகும் என்பதுதான் எனக்கு உள்ளபடியே கலக்கம் தந்த பாடம். கப்போர்டு என்கிறோமே, அதை ஆங்கிலேயன் 'கபட்' என்கிறான். கப் என்ற முன்பாதி அழுத்தத்தை வாங்கிக்கொண்டு கொழுகொழுவென்று இருக்கிறது. போர்டு என்ற பின்பாதி, எழுத்தில் முழுசாக இருந்தும், வாயில் வெறும் 'பட்' ஆகக் கரைந்துவிட்டது. பிரேக்கும் ஃபாஸ்ட்டும் சேர்ந்தது 'பிரெக்ஃபஸ்ட்' ஆனது. போஸ்ட்மேனில் மேன் 'மன்' ஆனான். பழகப் பழக, காலம் ஆக ஆக, பின்பாதி தேய்கிறது. எழுத்தில் குறையாது. சத்தத்தில் குறையும்.

இதைப் படித்தபோது பக்கத்து அறையில் மனைவி கேஸ்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள். கல்யாணம் என்பதும் ஒரு கூட்டுச்சொல் என்று எனக்கு உறைத்தது.

எங்கள் ஒன்றியத்தைக் கடமலை-மயிலை ஒன்றியம் என்பார்கள். கடமலைக்குண்டும் மயிலாடும்பாறையும் சேர்ந்தது, உம்மைத்தொகை. ஆங்கிலத்தில் இப்படி இரண்டு சம பங்காளிகள் சேர்ந்தால் அழுத்தம் பெரும்பாலும் பின்னவருக்குப் போகும். ஒரே ஆள் ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் இருந்தால் பிளேயர்-மேனேஜர் என்பார்கள், அழுத்தம் மேனேஜரில். இந்தக் கணக்கில் அழுத்தம் மயிலைக்குப் போகிறதே என்று ஊர்ப்பற்றில் கொஞ்சம் வருந்தினாலும், வீட்டு விஷயத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. கணவன்-மனைவி. சமமானவர்கள். உம்மைத்தொகை. அழுத்தம் பின்னால் விழும். பின்னால் இருப்பவர் மனைவி. சரி, மாற்றி எழுதுவோம். மனைவி-கணவன். இப்போது பின்னால் நான். மகளிடம் காட்டினேன். பார்த்தாள்.

"அப்படி யாரும் சொல்றதில்லையேப்பா. சும்மா பெயரும் பெயரும் ஒட்டினதுதானே இது? அப்படின்னா சாதாரணக் கூட்டுச்சொல் விதி. அழுத்தம் முன்னால."

எப்படி எழுதினாலும் ஒரே இடத்தில்தான் விழுகிறது. சாம்ஸ்கியால்கூட இதை அசைக்க முடியாது.

அரசாங்கத்துக்கும் இது தெரிந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகையை மாதம் 1000 ரூபாயாகத் தொடங்கியபோது, குடும்பத் தலைவியின் கணக்கில்தான் போட்டது. ரேஷன் கடைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போவது பின்பாதி.

என் தேய்மானத்தை நானே அளந்து பார்த்தேன். கல்யாணப் பத்திரிகையில் எனக்குப் பட்டப்பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் சேர்ந்து ஒன்றரை வரி. கரன்ட் பில்லில் இப்போதும் முழுப்பெயர் இருக்கிறது. எழுத்தில் குறையாது என்று சொன்னேன் அல்லவா? வாயில் அப்படியில்லை. புதிதில் மனைவி, "ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிடுவாள். ஏகாரத்தில் நல்ல அழுத்தம் இருக்கும். நெடில் இரண்டு மாத்திரைக்கும் மேலே நீளும். மகள் பிறந்த பிறகு "ஏங்க" மட்டும் நின்றது. மகள் பத்தாம் வகுப்பு போனபோது ஏகாரம் எகரமாகக் குறுகி "எங்க" ஆனது. எங்கே போகிறேன் என்று கேட்கிறாளோ என நினைத்து நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் பிளஸ் டூ. வீட்டில் சத்தம் கூடாது. முன்னால் இருந்த உயிரும் போய்விட்டது. அடுப்படியிலிருந்து இப்போது வருவது ஒரு "ங்க" மட்டும்.

நாடியில் கை வைத்துப் பார்த்தேன். ஒரே இடி. அகராதியில் தேடினேன், இல்லை. அலகிடலாம் என்றால், மெய்யெழுத்தில் ஒரு சொல் தொடங்கவே முடியாது. நன்னூல்படி அவள் என்னைக் கூப்பிடவே இல்லை. இந்த இலக்கணக் குறிப்பை அவளிடம் விளக்கலாம் என்று எழுந்தபோது மறுபடியும் "ங்க" வந்தது. இந்தத் தடவை அழுத்தத்தோடு. போய் கேஸ் சிலிண்டரை உருட்டி வந்து மாட்டினேன்.